பெரிய நடிகை

மதுரவல்லி வாசற்படியில் கால் வைத்ததும் பாஸ்கல் மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வந்தவர் முகத்தைப் பார்க்காமலே தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

சில்வியாவுக்கு வெட்கமாக இருந்தது. எவ்வளவு பெரிய நடிகை. கூப்பிட்ட குரலுக்கு ராயபுரத்துச் சந்துக்குள் நடந்து வந்திருக்கிறார்.

“மாமா அப்டித்தான் மேடம். மனசுல வெச்சிக்காதீங்க.”

மதுரவல்லி நெற்றியில் இருந்த பெரிய பொட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார்.

அந்தப் பொட்டை ஊருக்கே தெரியும். சீரியலில் மருமகளை ஆட்டிவைக்கும் மாமியாரின் பொட்டு. அதற்கு முன்னால் பல வருஷம் ஆள் இருக்கும் இடமே தெரியவில்லை. அதற்கும் முன்னால் கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகி. பிறகு அண்ணி, அப்புறம் அம்மா. தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய குடும்பம் என்று பத்திரிகைகளில் போடுவார்கள்.

சில்வியா அந்தப் படங்களைப் பார்த்ததில்லை. டிவியில் போட்டால் மாமா எழுந்து நிறுத்திவிடுவார். சினிமா என்றாலே அவருக்கு ஆகாது. அப்பா போன பிறகு அம்மாவும் அவளும் அம்மாவின் அண்ணனான இந்த மாமா வீட்டில்தான் இருக்கிறார்கள். ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மூன்று மாதத்துக்கு முன் அம்மா சிலுவையம்மாள் மயங்கி விழுந்தாள். கை கால் தேறிவிட்டது. புத்திதான் தடுமாறியது. பெற்ற மகளையே யார் என்று கேட்டாள். மாமா வெளியே போயிருந்த நேரம் டிவியில் அந்த மாமியார் வந்ததும், “அக்கா, வாக்கா” என்று கையை நீட்டினாள்.

அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்ததே சில்வியாவுக்கு அப்போதுதான் தெரியும். மாமாவைக் கேட்டாள். சின்ன வயதில் அம்மை போட்டுச் செத்துப்போனவள் என்றார்.

போன வாரம் அம்மா சாப்பாட்டை நிறுத்தினாள். அக்கா வந்து ஊட்டினால்தான் ஆச்சு என்று வாயை இறுக்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, காசிமேட்டில் அதே சீரியலுக்கு ஷூட்டிங் என்று தெருவெல்லாம் பேச்சு. சில்வியா பயந்துகொண்டே மாமாவிடம் கேட்டாள். அந்த நடிகை வந்து அக்கா மாதிரி கொஞ்ச நேரம் நடித்துவிட்டுப் போனால் என்ன?

மாமா கட்டிலில் கிடந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இட்டுனு வா,” என்றார் கடைசியில். “புத்தி கெட்டவளுக்கு எவ வந்தா இன்னா.”

காசிமேட்டில் மதுரவல்லி அவளை முழுசாகப் பேசக்கூட விடவில்லை. அம்மாவின் பெயரை மட்டும் கேட்டார். டைரக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு, கட்டியிருந்த பட்டுப்புடவையோடே கிளம்பிவிட்டார்.

இப்போது கட்டிலில் உட்கார்ந்து சோற்றுத் தட்டை வாங்கினார். சங்கரா மீனைப் பிட்டு, முள் பார்த்து எடுத்து, சோற்றில் பிசைந்தார்.

“இன்னாடி இப்டி வத்திப்போய் கீற? வாயத் தொற.”

சில்வியா அசந்துபோனாள். சீரியலில் கேட்கும் குரல் இல்லை இது. மதுரவல்லிக்கு ஆரம்பத்திலிருந்தே வேறு ஒருத்திதான் குரல் கொடுப்பாள் என்று எங்கோ படித்திருக்கிறாள். இந்தக் குரல் கரகரப்பாக, அச்சு அசல் ராயபுரமாக இருந்தது. நடிகை என்றால் இவரல்லவா என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மா வாயைத் திறந்தாள். ஒரு கவளம். இன்னொரு கவளம்.

பிறகு அம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தாத்தா பேச்சை எடுத்தாள்.

“நைனா சாவற நேரத்துல உன்னத்தான்க்கா கேட்டாரு. கேட்டுகினே கெடந்தாரு. அண்ணன்தான் உனக்கு ஆள் வுடல.”

மதுரவல்லியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“என்னியா? என்னியா கேட்டாரு?”

அம்மா தலையாட்டினாள்.

எச்சில் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, மறுகையால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழுதார். சத்தமே வரவில்லை. சில்வியாவும் அழுதாள். நடிப்புக்கு இவ்வளவு வேண்டாமே என்றுகூட அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

தெருமுனை வரை போய் அவரைக் காரில் ஏற்றினாள். மதுரவல்லி அவள் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கார் கிளம்பிவிட்டது.

திரும்பி வந்தபோது அம்மா கட்டிலைவிட்டு இறங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“சில்வியா, பெரிம்மா கார் ஏறிட்ச்சா?”

அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

“அம்மா...”

“நல்லா கீற நேரத்துல அக்காவ இட்டுனு வான்னு அண்ணங்கிட்ட எத்தினி வாட்டி கெஞ்சனேன் தெரியுமா? சினிமாக்குப் பூட்டவ பேரையே எடுக்கக் கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிகினாரு உங்க மாமா.” அம்மாவின் கண்கள் தெளிந்த கண்களாக இருந்தன. “நைனா வெறுத்துட்டாருன்னே நெனச்சிகினு எங்கக்கா சாவக் கூடாது பாரு. வேற வழி தெரியலடி.”

வாசலில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

அம்மா கட்டிலுக்குப் போய்ப் படுத்தாள். வாய் லேசாகத் திறந்துகொண்டது. பார்வை சுவரில் போய் நின்றது.

மாமா கதவோரமே நின்றார். கண் சிவந்திருந்தது.

“சாப்ட்டாளா?”

எந்தத் தங்கச்சியைக் கேட்கிறார் என்று சில்வியாவுக்குப் புரியவில்லை.

“சாப்ட்டாங்க மாமா,” என்றாள். “புத்திதான் இன்னும் தெளியல. அவங்கள அடுத்த வாரமும் வரச் சொல்லணும்.”