நதிக்காவலிக்கு எத்தனை கல்

"அஞ்சு கல் வைடா. மூணு ரொம்பக் கம்மி."

இஸ்திரிப் பெட்டியைக் கையிலிருந்து வைக்காமலே சொன்னாள் அக்கா. தம்பி ஹெல்மெட்டோடு வாசலை மறித்துக்கொண்டு, அட்டையை அவள் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தான்.

சீட்டாட்டம் மாதிரிதான். ராஜா ராணிக்குப் பதில் பூதங்களும் மந்திரவாதிகளும் மோதிக்கொள்வார்கள். தம்பியும் மூன்று நண்பர்களும் கூடித் தாங்களே அப்படியொன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இவன் எழுதியது நதிக்காவலி: இடுப்பளவு தண்ணீரில், கையில் துடுப்போடு ஒருத்தி. சுற்றுக்கு ஒரு கல் கிடைக்கும். மூன்று கல் சேர்ந்தால் அவளை அழைக்கலாம். கீழே ஒரே வரி. இவள் களத்தில் நிற்கும்வரை உன் படையில் யாரும் சாவதில்லை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில் பிழை பார்ப்பது அக்காவின் வேலை. ஒரு வாக்கியத்தை யார், எப்படியெல்லாம் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று யோசித்தே சம்பளம் வாங்குகிறவள்.

"அவளும் உன் படைதானேடா? அவளையும் கொல்ல முடியாது. மூணாவது சுத்துலயே வந்து சம்மணம் போட்டு உக்காந்துடுவா. ஆட்டம் எப்படி முடியும்?"

"உனக்குப் பொறாமைக்கா."

லிஃப்ட் பழுது பார்க்கிற சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனான்.

அன்று சாயங்காலம் மழையில், பாலத்தின் மேல் அவன் வண்டி சறுக்கியது.

அடுத்த மாதம், நண்பர்கள் கூடுகிற பொம்மைக் கடையின் பின்னறையில் அவனுடைய நாற்காலியில் அக்காவை உட்காரவைத்தார்கள். மேசையில் நதிக்காவலி. காலையில் ஆட்டம் அச்சுக்குப் போகிறது. இந்த ஒரு அட்டைதான் பாக்கி.

அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. எல்லோரும் குறை சொல்லி முடிக்கும்வரை அட்டையை எழுதியவன் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஒரே சொல் சொல்லலாம். ஏத்துக்கிறேன் என்றால் திருத்தத்தோடு அச்சுக்கு. மாட்டேன் என்றால் அலமாரி மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவுக்கு. டப்பாவில் கிடக்கும் அட்டையை வேறு யாரும் தொடக் கூடாது. அதை எழுதியவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள்.

"ஒரு எழுத்துகூட மாத்த வேணாம்," என்றாள் படம் வரைகிறவள்.

"எனக்கும் அதேதான்," என்றார் கடைக்காரர்.

மூன்றாமவன் வக்கீல். அது பட்டப்பெயர்தான். அவன் டயர் விற்கிறவன். தம்பியின் போன அட்டையை, ஆடுற மேசைக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவன். இன்று மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே, "பிரமாதம்," என்றான்.

அக்கா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உயிரோடு இருந்தவரை அவனை ஒருநாள் சும்மா விட்டவர்களா இவர்கள்?

"ஆடிப் பார்த்துடலாம்," என்று சீட்டைக் கலைத்து வக்கீலின் முன்னால் போட்டாள்.

மூன்றாவது சுற்றில் நதிக்காவலியை இறக்கினாள்.

வக்கீல் பூதத்தை ஏவினான். யாரும் விழவில்லை. இடியை ஏவினான். யாரும் விழவில்லை. அவன் காது மடல் சிவந்தது.

"போதும்க்கா."

"போதாது. போடு."

போட்டான். மறுபடியும் போட்டான். கடைசியில் கையிலிருந்த மொத்தச் சீட்டையும் மேசையில் அறைந்தான்.

"செத்துப்போனவன் கார்டுல ஓட்டை கண்டுபிடிச்சு என்னக்கா ஆகப்போகுது?"

அந்த அறையில் அதுவரை யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. படம் வரைகிறவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன் உன் எதிர்ல உக்காந்திருந்தா இந்த ஓட்டையை நீ பார்த்த உடனே சொல்லியிருப்ப," என்றாள் அக்கா. "இப்ப மட்டும் ஏன் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

வக்கீல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அட்டையை எடுத்து, பழையபடி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தான்.

"ஓட்டைதான். மூணு பத்தாது. அஞ்சு வெச்சா, இவ வர்றதுக்குள்ள எதிராளிக்கு ஒரு வழியாவது இருக்கும்."

"அஞ்சு," என்றார் கடைக்காரர். படம் வரைகிறவளும் தலையாட்டினாள்.

இனி எழுதியவன் பேச வேண்டும்.

மூன்று பேரும் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள்.

"அவனுக்காக நீங்கதான்க்கா சொல்லணும்," என்றான் வக்கீல். "ஏத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை. காலையில அச்சுக்குப் போயிடும், அவன் பேரோட."

கடைக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்துக்கொண்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். ஏத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அட்டை முடிந்துவிடும். அவன் பெயரை அச்சில் பார்க்கலாம். அதற்காகத்தான் வந்திருந்தாள். நாக்கு அந்தச் சொல்வரைக்கும் போய் நின்றது.

"மாட்டேன்," என்றாள்.

வக்கீல் ஒரு நொடி விழித்தான். பிறகு கண்ணில் தண்ணீரோடு சிரித்துவிட்டான். "அவனேதான்! சொன்ன பேச்சை என்னைக்குக் கேட்டான் அவன்?"

கடைக்காரர் பேனாவை மூடினார். ஸ்டூலில் ஏறி, நதிக்காவலியை டப்பாவுக்குள் வைத்தார்.

வண்டி சறுக்கிய அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் தம்பி போன் செய்ததை அக்கா அவர்களிடம் சொல்லவில்லை. பின்னால் லிஃப்ட் கதவு மூடித் திறக்கிற சத்தத்துக்கு நடுவே கத்தினான். "அஞ்சே இருக்கட்டும்க்கா. நீ சொன்னதால இல்ல, நானா யோசிச்சதுதான். கேக்குதா?"

கேட்டது.

ஆட்டம் அச்சாகி, விற்று, மறுபடியும் அச்சாகிவிட்டது. பின்னறைக்குப் புது மேசை வந்துவிட்டது. வக்கீல் இப்போது எல்லோரையும் பழையபடி திட்டுகிறான்.

டப்பாவில் இருக்கும் நதிக்காவலிக்கு மூன்று கல்தான்.