ஆறாவது நட்டு

எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர் பாக்ஸின் மூடியைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

உள்ளே ஆறு நட்டுகள். ஒவ்வொன்றிலும் நட்டிலிருந்து தகடு வரை என் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு. நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து கோடுகள் முழுசாக இருந்தன. ஆறாவது உடைந்திருந்தது.

என் கணவர் விஜயபாஸ்கர் மூன்று வருடமாக எங்கள் அஜ்மான் ஃப்ளாட்டின் ஒரு ரூமைப் பட்டறையாக்கி, ஒரே ஒரு ஆள் உட்காரும் விமானத்தைச் செய்தவர். பக்கத்து ஃப்ளாட் ஜுலைஹா பீவி அக்கா அவரை நட்டு கழண்ட கேஸ் என்பார். எனக்குக் கோபம் வராது. நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் முறுக்குவார், நான் கோடு போட்டு மூடி போடுவேன். இதுதான் ஏற்பாடு. என் நகத்தில் பாலிஷ் ஏறிப் பல மாதமாயிற்று, பாட்டில் பாட்டிலாக விமானத்துக்கே போய்விட்டது.

இன்று வெள்ளிக்கிழமை, முதல் பறத்தல். பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று நேற்று வரை கெஞ்சினேன். சிரித்தே சமாளித்துவிட்டார்.

உம் அல் குவைன் ஓடுதளத்து ஷெட்டில் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, கடைசியாக ஒருமுறை பார்க்கத்தான் மூடியைத் திறந்தார்.

இப்போது அந்த ஆறாவது நட்டை விரலால் தொட்டார். ஸ்பேனர்கூட இல்லாமல் அது சுலபமாகச் சுழன்றது.

மேலே போய் அது கழன்று விழுந்திருந்தால் காற்றோடு நேராக எஞ்சினுக்குள் போயிருக்கும்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சந்தியா, இதை நான் முறுக்கவே இல்லடி. போன வாரம் சைட்லேர்ந்து போன் வந்துச்சுல்ல, அதோட விட்டுட்டேன்."

போன் பேச அவர் வெளியே போனதும், ஆறுக்கும் நான் கோடு போட்டு மூடியிருக்கிறேன். முறுக்காத நட்டுக்கும் சேர்த்து.

இன்றைக்கு வேண்டாம், ஆறையும் மாற்றி, கழன்றாலும் விழாதபடி கம்பி கட்டிவிட்டு அடுத்த வெள்ளி பார்க்கலாம் என்றார். அதிர்வில் கோடு உடைந்ததால்தான் உயிர் பிழைத்தேன் என்று அந்த பாலிஷ் பாட்டிலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் ஸ்பேனரை வாங்கி மற்ற ஐந்தையும் முறுக்கிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

"இனிமே நானும் ஒருதடவ முறுக்கிப் பாத்துட்டுதான் கோடு போடுவேன். அப்புறம் தாராளமா பறங்க."

மனதாரத்தான் சொன்னேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்த விமானத்தின் மேல் எனக்குப் பயம் இல்லை.

ஸ்பேனரை வலது கையில் பிடித்திருந்தேன். இடது கைக் கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்திருந்தேன்.

எப்படியாவது இன்றைய பறத்தலை நிறுத்த வேண்டும் என்று, காலையில் அவருக்குத் தெரியாமல் மூடியைத் திறந்து ஏதோ ஒரு கோட்டைச் சுரண்டியது அந்த விரல்தான். நக இடுக்கில் சிவப்பு இன்னும் போகவில்லை.