கோமதிநாயகம் அடித்த கோல்

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார்.

பால்வண்ணம் என்றுதான் இருந்தது.

மறுபடி காதில் வைத்தார்.

"ஒன் ஆளுதான் மாப்ள பெரிய ஆளு," என்றது பால்வண்ணத்தின் குரல். "நீ சொன்னதுதான் சரி."

நாற்பத்திரண்டு வருஷச் சண்டை.

ஊரே ஹாக்கி ஊர். அதில் மட்டை பிடிக்கத் தெரியாத ஆண்பிள்ளைகள் இரண்டே பேர், அவரும் பால்வண்ணமும். அந்த இருவரும் சிநேகிதர்களானதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் அவரை ஒரே ஒரு முறை கோல்கீப்பராக நிறுத்தினார்கள். ஏழு கோல் உள்ளே போனது. எட்டாவதைத் தடுத்தார், மூக்கால்.

அதோடு விளையாட்டு முடிந்து, விமர்சனம் தொடங்கியது.

அவருடைய ஆள் ஞானதிரவியம். ரயில்வே டீமில் லெஃப்ட் அவுட். பால்வண்ணத்தின் ஆள் கோமதிநாயகம். பேங்க் டீமில் சென்டர் ஃபார்வர்டு. இரண்டு பேரும் ஆட்டத்தை விட்டு முப்பது வருஷம் ஆகிறது. ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு முழங்கால். தங்களில் யார் பெரியவர் என்ற கவலை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

யாராவது கவலைப்பட வேண்டுமே. இவர்கள் பட்டார்கள்.

மைதானத்துக்கு எதிர் டீக்கடையில். பால்வண்ணத்தின் மகள் கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால்.

அவர் மனைவி போனபோதும்தான். காரியத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, கூடத்தில் இவர்கள் இருவர் மட்டும். பால்வண்ணம் நாற்காலிகளை மடக்கி ஓரமாக வைத்தான். பிறகு, ஞானதிரவியத்துக்கு ஓடத்தான் தெரியும், பந்து வந்தால் என்ன செய்வதென்று தெரியாது என்றான்.

இருட்டும்வரை சண்டை. சண்டை போட்ட பசியில் அன்றைக்குத்தான் அவர் சாப்பிட்டார்.

பொங்கல் கழிந்து பால்வண்ணம் மகளோடு இருக்க ஓசூர் போய்விட்டான்.

அதிலிருந்து ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் போன். மழை உண்டா, மாத்திரை போட்டாயா. இரண்டு நிமிஷம். பிறகு ஞானதிரவியமும் கோமதிநாயகமும் மைதானத்தில் இறங்குவார்கள். முக்கால் மணி நேரம்.

வாரம் முழுக்க அவர் வாய் திறந்து பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான். மற்ற நாட்களில் பால்காரரிடம் அரை லிட்டர் என்பார். கதவில் பை மாட்டிவிட்டால் பாக்கெட் போட்டுவிட்டுப் போவதாக அவரும் போன மாதம் சொல்லிவிட்டார்.

இந்த வாரத்துக்கென்று காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று பாயிண்ட் எழுதி வைத்திருந்தார்.

முதல் பாயிண்டையே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் ஜெயித்துவிட்டார்.

ஜெயித்தால் என்ன செய்வது என்று முன்பெல்லாம் நிறைய யோசித்திருக்கிறார். டீக்கடையில் இருக்கிற எல்லோருக்கும் டீ சொல்வதாகத் திட்டம். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றான் பால்வண்ணம். வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். தனக்கு ஏழாவது மாடி ஜன்னல். பேரனிடம் கோமதிநாயகத்தைப் பற்றி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தானாம். கீழே நடக்க வருகிற பெரியவர்களிடமும் சொன்னானாம். யாருக்கும் தெரியவில்லை. இப்போது தனக்கே, கோமதிநாயகம் என்று ஒருத்தன் நிஜமாகவே ஆடினானா என்று சந்தேகமாக இருக்கிறதாம்.

"இனிமே எதுக்கு மாப்ள. வச்சிறட்டுமா?"

வைத்துவிடுவான். அடுத்த ஞாயிறு மழை, மாத்திரை.

அதற்கடுத்த ஞாயிறு அதுவும் இருக்காது.

"இரு," என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, கையில் சரக்கு இல்லை. காலண்டர் தாளில் இருந்த மூன்றும் ஞானதிரவியத்துக்குச் சாதகம். ஜெயித்தவனுக்கு அது எதற்கு?

வேறு ஒன்று இருந்தது.

எண்பத்து மூன்று ஃபைனல். கடைசி நிமிஷத்தில் கோமதிநாயகம் அடித்த கோலில்தான் ரயில்வே தோற்றது. அடிக்கும்போது மட்டை தோளுக்கு மேலே போனது, அந்தக் காலச் சட்டப்படி அது ஃபவுல், அம்பயர் கவனிக்கவில்லை. இது அவர் கட்சி. அவர் கோலுக்கு நேர் பின்னால் நின்றிருந்தார். பால்வண்ணம் அந்த நேரம் பார்த்துச் சுண்டல் வாங்கப் போயிருந்தான். பார்க்காதவன் என்ன பேச முடியும்? எத்தனையோ சண்டைகளில் அவன் வாயை அடைத்தது அந்த ஒரு மட்டைதான்.



"மட்டை தோளுக்கு மேல போகல மாப்ள."



"என்ன சொன்ன?"

"போகல. இடுப்புக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான். நல்ல கோல்."

அன்றைக்கு என்ன பார்த்தார் என்பது அவருக்கே இப்போது தெரியாது. கண்ணில் வெயில். எங்கும் புழுதி. ஞானதிரவியத்திடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஓசூரில், ஏழாவது மாடியில், யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

"அடப்பாவி," என்றான் பால்வண்ணம். குரல் பழைய இடத்துக்கு ஏறியிருந்தது. "நாப்பத்திரெண்டு வருசமால ஏமாத்துன? சொல்லு. என்ன நடந்துச்சு அன்னைக்கு? மொதல்ல இருந்து சொல்லு."

அவர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

டாஸ் போட்டதிலிருந்து ஆரம்பித்தார்.