கள்ளி

“இண்டைக்கு மட்டும் வாங்கோ அப்பா. இனி நான் கூப்பிடவே மாட்டன். இதுதான் கடைசி மச்.”

மல்வேர்ன் வீட்டுக் குசினியில் பஸ்ரியன் பேப்பரை விட்டு நிமிரவில்லை.

“பெத்த பிள்ளையை ஆரோ தூக்கி எறியிறதை இருந்து பாக்கச் சொல்லுறியோ?”

“நானும் எறிவன் அப்பா.”

“அது இன்னும் வடிவு!”

நிரோஷினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மல்யுத்தம்தான் தன் தொழில் என்று ஒன்பது வருடங்களுக்கு முன் இதே மேசையில் அவள் சொன்னபோது, “செத்தாலும் அந்தக் கூத்தை வந்து பாக்கமாட்டன்” என்று அப்பா சத்தியம் செய்திருந்தார். சொன்ன சொல்லில் நிற்கிற மனுசன். அதுதான் அவரோடு பெரிய கரைச்சல்.

அம்மா மரியம்மா மல்லிக்கோப்பியைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள்.

“இஞ்சருங்கோ, ஒருநாள் போனா என்ன குறைஞ்சே போவியள்? சனிக்கிழமை எண்டால் கோயில்ல பாட்டுப் பழக்கம், இல்லாட்டி எங்கையாவது யாத்திரை. வயசு போகப் போக உங்களுக்குப் பக்தி முத்திப்போச்சு. போன கிழமை பாடின பாட்டுக்கு இன்னும் தொண்டை அடைச்சுக் கிடக்கு. ஒரு சனிக்கிழமை வராட்டி மாதா கோவிக்கமாட்டா.”

பஸ்ரியன் கோப்பியை ஊதினார். மகளின் முழங்காலில் சுற்றியிருந்த கட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். இந்தச் சண்டைக்குப் பிறகு மேடை ஏறவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“எத்தினை மணிக்கு?” என்றார்.

முன்வரிசை ரிக்கற் இரண்டை அவள் மேசையில் வைத்தாள்.

அன்று பின்னேரம் அஜக்ஸ் மண்டபத்தில், சண்டைகளை ஒழுங்குசெய்யும் மாக்கஸிடம் ஓடினாள்.

“மாக்கஸ் அண்ணை, அப்பா வந்திட்டார்! கோட் எல்லாம் போட்டுக்கொண்டு முன்னுக்கு இருக்கிறார்!”

“நல்லது பிள்ளை. ஆனா உன்ரை கூக்காரனைக் காணேல்லை.”

“காணேல்லையோ?”

நாடகம்போல நடக்கும் இந்த மேடை மல்யுத்தத்தில் அவள் வில்லி. பெயர் கோப்ரா. வில்லிக்குக் கைதட்டல் கூடாது, சனம் கூ அடிக்க வேண்டும். எவ்வளவு திட்டு விழுகிறதோ அவ்வளவு கெட்டிக்காரி. ஹமில்ரனில் நடந்த முதல் சண்டையில் சனம் கூ அடிக்கவில்லை, சோளப்பொரி தின்றது. அன்றோடு கதை முடிந்திருக்கும். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “கூ… கள்ளி!”

சனத்துக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன? மண்டபமே “கள்ளி! கள்ளி!” என்று பிடித்துக்கொண்டது. பிறகு வின்சர், கிங்ஸ்ரன், சட்பரி என்று எந்த ஊர்க் குழுவோடு அவள் இறங்கினாலும் அந்தக் குரல் அங்கே வந்திருக்கும். மேடை வெளிச்சம் கண்ணில் அடிப்பதால் ஆளை மட்டும் தெரியாது.

“தொப்பியும் மப்ளருமாய் வரும். ஆரெண்டு கேட்டால் குனிஞ்சுகொண்டு போயிடும்,” என்றார் மாக்கஸ். “பின்வரிசை மூலையில அந்தக் கதிரை இண்டைக்குச் சும்மா கிடக்கு.”

“ஐயோ அண்ணை, அப்ப ஆர் தொடங்குறது? அப்பா ஒரே ஒரு நாள் வந்திருக்கிறார். சனம் பேசாமல் இருந்தால், ஒன்பது வருசம் இதுக்கோ மினக்கெட்டனீ எண்டெல்லோ நினைப்பார்!”

அவள் பயந்ததைவிட மோசமாக நடந்தது. இது கோப்ராவின் கடைசிச் சண்டை என்று அறிவித்துவிட்டார்கள். சனம் மரியாதையாக எழுந்து நின்று கைதட்டியது.

வில்லிக்குக் கைதட்டு! நிரோஷினி எதிராளியின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். நடுவரின் காலை மிதித்தாள். கயிற்றில் ஏறி நின்று ஊரையே ஏசினாள். அதற்கும் கைதட்டினார்கள், பாவிகள்.

முன்வரிசையில் அம்மா செபமாலை உருட்டினாள். அப்பா பூசைக்கு இருப்பதுபோல முழங்காலில் கை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

எதிராளி அவளைத் தூக்கி எறிந்தாள். முழங்கால் மடங்க, நிரோஷினி கீழ்க்கயிற்றின் ஓரத்தில் போய் விழுந்தாள். நடுவர் எண்ணத் தொடங்கினார். அப்போதுதான் பார்த்தாள்.

அப்பா எழுந்துவிட்டார். அம்மாவிடம் ஏதோ சொன்னார். பிறகு மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுப்பாதையால் வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

“அப்பா…”

ஒன்பது வருடங்களில் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறாள். இப்படி ஒன்றும் நொந்ததில்லை. ஐந்து, ஆறு என்று நடுவர் எண்ணிக்கொண்டே போனார். எழும்ப அவளுக்கு மனமில்லை. தரையோடு கிடந்ததால் வெளிச்சம் கண்ணில் அடிக்கவில்லை. போகிறவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பஸ்ரியன் வாசலைத் தாண்டவில்லை. பின்வரிசை மூலைக்குப் போய், சும்மா கிடந்த கதிரையில், வழக்கமாக இருப்பவர்போல இருந்தார். கோட்டுப் பைக்குள்ளிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அடைத்த தொண்டையால் கத்தினார்:

“கூ… கள்ளி! எழும்படி!”