குளத்துத் தண்ணீர் வைத்தியம்

படுத்தே கிடந்ததில் எருமை செவ்வந்திக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. தைக்குள் எழுந்து நடக்காவிட்டால் அடிமாட்டு வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

முதுகில் உண்ணி பொறுக்க வந்த காக்கை சொன்னது: "தொட்டித் தண்ணிய விடு அக்கா. தினம் குளத்துக்கு நடந்துபோய்க் குடி."

"என்ன செலவாகும்?"

"காலணா ஆகாது."

செவ்வந்தி பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தது. அதற்குள் அது வழக்கமாகப் படுக்கும் வேப்பமர நிழலில் ஓர் ஆட்டுக்கிடா கால்நீட்டிப் படுத்திருந்தது.

"செலவில்லேன்னியே பாவி, என் இடமே போச்சே!"

"அப்ப வண்டிய வரச்சொல்லவா?"

செவ்வந்தி போய் வெயிலில் படுத்தது. மறுநாளும் நடந்தது, அதற்கு மறுநாளும் நடந்தது. தை பிறந்து வண்டி வந்தபோது அது நடுக்குளத்தில் நீந்திக்கொண்டிருந்தது. வண்டி வெறுமனே திரும்பியது.

நிழலில் கிடந்த கிடா முனகியது: "காக்கா அண்ணே, எனக்கும் முழங்கால் பிடிச்சிருக்கு."

"குளத்துக்கு நட."

"ஐயோ, இடம் போயிருமே!"

"போனாப் போகட்டும், எந்திரிடா," என்று செவ்வந்தி கொம்பால் நெம்பியது.