பெரிய டிரம்மின் வயிற்றெரிச்சல்

"'நேத்து வந்த பிளாஸ்டிக் தோல் போட்ட புது டிரம் பய முன்வரிசை, நான் பின்வரிசையா?' காலையிலிருந்து இதே பாட்டுத்தானா, அண்ணே?" என்று பெரிய டிரம்மைக் கேட்டது தாளத்தட்டு.

மில் தொழிற்சங்கம் தெருக்காரர்களுக்காக வாத்தியக்குழு ஆரம்பித்தபோது முதலில் வாங்கியது பெரிய டிரம்மைத்தான். வேலைநிறுத்தத்துக்கு ஊரைக் கூட்டியதும் அதுதான். அந்தப் பெருமைக்குக் குறைச்சலில்லை.

"மழையில உங்க தோல் தொய்ஞ்சு போச்சு. வெயில்ல வைக்கச் சொல்லுங்க."

"அந்தப் பயலுக்கு வெயில் வேண்டாம், எனக்கு மட்டும் எதுக்கு?"

மே தின ஊர்வலத்துக்குக் குழுவினர் பெரிய டிரம்மை எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். ஈரச்சாக்கை அடித்தாற்போல் பொத்தென்றது. அதை மூலையில் இறக்கிவிட்டு, புது டிரம்மையும் தாளத்தட்டையும் தூக்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

தெருவில் கைதட்டல் கேட்டது. காலி அறையைப் பார்த்துப் பெரிய டிரம் சொன்னது: "அந்த ஜன்னலையாவது திறங்கப்பா. அவன் எங்கே தப்பு விடுறான்னு கேட்கணும்."