தாமோதரன் சார் பை

"சாரோடதுங்க."

வாயில் தானாக வந்துவிட்டது.

கவுண்டரில் இருந்த பெண் கேட்டது சின்னக் கேள்வி. இந்த கோல்ஃப் பை உங்களுடையதுதானே? விமானம் ஏற வருகிற எல்லோரிடமும் கேட்பது. ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர வேண்டியது.

ஆனால் அவன் இருபது வருடமாகக் கோயம்புத்தூர் கோல்ஃப் மைதானத்தில் ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்குகிறவன். யார் பை என்று எவர் கேட்டாலும் அவனிடம் பதில் ஒன்றுதான்.

அவள் கை நின்றது.

"அடுத்தவங்க பேக்கை நீங்க கொண்டுபோக முடியாது சார்."

"ஐயோ, இல்லைங்க. நான் அவருக்குப் பை தூக்கறவனுங்க. எனக்குக் குடுத்துட்டாருங்க. போன தீபாவளிக்கே குடுத்துட்டாருங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். பையின் பக்கவாட்டில் ஒரு தோல்பட்டை தைத்திருந்தது. அதில் கே. தாமோதரன் என்று பொன்னிற எழுத்து.

தீபாவளிக்கு சார் புது மட்டை செட்டும் பையும் வாங்கினார். பழையதை இவன் தோளிலேயே மாட்டிவிட்டு, வச்சுக்கோடா என்றார். அந்தப் பட்டையை அவன் பிரிக்கவில்லை. கொடுத்தவர் பெயரைப் பிய்த்துப் போடுவது நன்றிகெட்ட வேலை என்று தோன்றியது.

சூப்பர்வைசர் வந்தார். பையைத் திறக்கச் சொன்னார்.

மட்டைகளின் தலைக்கெல்லாம் சாக்ஸ் மாட்டியிருந்தது. ஏற்றி இறக்குகிறவர்கள் போட்டு அடித்தாலும் நசுங்காமல் இருக்க, மகளின் பழைய பள்ளிக்கூட சாக்ஸ்.

பதினான்கு மட்டை. ஏழாம் நம்பருக்குப் பிடி மாற்றியிருக்கிறது. மணலில் இருந்து பந்தைக் கிளப்புகிற மட்டையில் ஓரமாக ஒரு வெட்டு. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒப்பித்தான். எல்லாம் சரியாக இருந்தது.

"பை தூக்கறவருக்கு இதெல்லாம் தெரியாமயா இருக்கும்?" என்றார் சூப்பர்வைசர்.

கெட்டவர் இல்லை. கேட்டதும் நியாயம்தான்.

கவுண்டர் மூடப் பதினைந்து நிமிடம் இருந்தது. பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

நாளை வியாழக்கிழமை காலை புனேயில் போட்டி. பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு ஆடுவது அல்ல, ஆட்டமே பிழைப்பாக உள்ளவர்களின் போட்டி. தகுதிச் சுற்றுகளில் முட்டி மோதி, நாற்பத்தொரு வயதில் அவனுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. மட்டை இல்லாமல் போனால் பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். அடுத்தவர் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பதைத்தான் இத்தனை வருடமாகச் செய்கிறான்.

"அவருக்கே ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார் சூப்பர்வைசர்.

போட்டான்.

சார் உடனே எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

"ஆமாங்க, ஆமாங்க, என்னோட பேக்தானுங்க. அவன் நம்ம பையன். இருவது வருசமா நம்மகிட்டத்தான் இருக்கறான். தங்கமானவன். ஒண்ணும் யோசிக்காதீங்க, உட்ருங்க."

உதவி செய்துவிட்ட நிம்மதியில் வைத்துவிட்டார்.

நாற்பத்தொரு வயதுப் பையன் போனைப் பார்த்தபடி நின்றான்.

அதைத்தான் எனக்குக் குடுத்துட்டீங்களே சார் என்று நடுவில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சார் பேசும்போது குறுக்கே பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

அவமானமாக இருந்தது. அவர்மேல் கோபம் வரவில்லை என்பது அதைவிட அவமானமாக இருந்தது.

"என்னோடதுன்னு அவரே சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் சூப்பர்வைசர்.

அவன் சட்டைப் பையிலிருந்து போட்டிக்கு அழைத்த கடிதத்தை எடுத்து நீட்டினான். வியர்வையில் மடிப்பு ஊறியிருந்தது. சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆடப் போறதே நீங்கதானா?"

"ஆமாங்க."

"யார் கூடயோ போறீங்கன்னு நெனச்சேன்."

அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். எழுதிக் கொடுத்தால் ஏற்றுவார். பிறகு வம்பு வந்தால் அது இவன் பாடு.

பொருளின் உரிமையாளர் என்று ஒரு கோடு. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

மாரப்பன் என்று எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"பேக் மேல வேற பேர் இருக்கே சார்," என்றாள் அந்தப் பெண்.

"கத்திரி இருக்குங்களா?"

கொடுத்தாள்.

மண்டி போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு தையலாக வெட்டினான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் இழுத்துப் பிய்க்கவில்லை. பட்டை கையோடு வந்தது. அது இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கறுப்பாக இருந்தது. பட்டையைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கடிதத்தோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டான்.

பை பெரிய சாமான்கள் போகிற பாதையில் படுத்தபடி நகர்ந்தது. அவன் கூடவே இரண்டு எட்டு நடந்தான்.

பிறகு நின்றுகொண்டான்.

போன் அடித்தது.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க சார்."

"நாஞ் சொன்னதும் உட்டுட்டாங்க பாத்தியா?" சார் சிரித்தார். "சரி, சனிக்கெழம காத்தால ஆறு மணிக்கு நம்ம ஆட்டம் இருக்குது. வந்துருவீல்ல?"

அவர் எதையும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. போட்டி நான்கு நாள். முதல் இரண்டு நாளில் தேறாதவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே மூட்டை கட்டலாம். தேறியவர்களுக்குத்தான் சனியும் ஞாயிறும்.

"வர மாட்டனுங்க சார்."